சுவருக்கு அந்தப் பக்கம்

1994ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஐடி சாஃப்ட்வேர் என்றொரு சின்ன கம்பெனி. 'டூம் 2' என்ற விளையாட்டை முடித்து வெளியிடும் அவசரத்தில் இருந்தார்கள். அதன் கடைசி லெவலில் ஒரு பிரம்மாண்டமான பேய்முகம் சுவர் முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். அதன் நெற்றியில் இருக்கும் ஓட்டைக்குள் ராக்கெட் விட்டால் ஆட்டம் முடிந்தது.

விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜான் ரொமேரோ. சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் ரகசியக் கட்டளையைப் போட்டுவிட்டு, அந்தப் பேய்முகத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அங்கே ஒரு கம்பத்தில் மனிதத் தலை ஒன்று செருகப்பட்டிருந்தது. உற்றுப் பார்த்தால்... அவருடைய தலை!

கூட வேலை பார்த்தவர்கள் அவருக்குத் தெரியாமல் செய்த குறும்பு அது. வெளியே இருந்து ராக்கெட் விடுபவர் பேயைக் கொல்வதாக நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அடி விழுவது உள்ளே இருக்கும் ரொமேரோ தலையின் மீதுதான். ரொமேரோவும் சும்மா இருக்கவில்லை. தன்னைக் கொன்றால்தான் ஜெயிக்க முடியும் என்று தன் குரலிலேயே பேசிப் பதிவு செய்து, அதைப் பின்னாலிருந்து முன்னாக ஓடவிட்டு, அந்தப் பேயின் உறுமலாக வைத்துவிட்டார். கேட்பவர்களுக்கு ஏதோ சாத்தானின் மந்திரம் போல இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரொமேரோவைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோன அந்தக் கட்டளைதான் இந்தக் கட்டுரையின் நாயகன். அதன் பெயர் நோகிளிப்.

உடம்பு இல்லாத கண்

வீடியோ கேமில் சுவர் என்று ஒன்று உண்மையில் கிடையாது. சுவர் போல ஒரு படம் இருக்கிறது. கூடவே ஒரு கணக்கும் இருக்கிறது. ஆள் ஒரு அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் "இங்கே போனால் எதிலாவது இடிக்குமா?" என்று கணினி சரிபார்க்கும். இடிக்கும் என்றால் அங்கேயே நிறுத்திவிடும். அந்தச் சரிபார்ப்பை விட்டுவிடு என்று சொல்வதுதான் நோகிளிப். சுவர் இருந்த இடத்திலேயே இருக்கும், தடுக்க மட்டும் தடுக்காது.

1993 டிசம்பரில் வெளிவந்த முதல் 'டூம்' விளையாட்டிலேயே இது இருந்தது. ஆட்டத்தின் நடுவே சில எழுத்துகளைத் தட்டினால் போதும். ஐடிடிக்யூடி என்று தட்டினால் சாகாவரம். ஐடிகேஎஃப்ஏ என்று தட்டினால் எல்லா ஆயுதங்களும் சாவிகளும் கைக்கு வந்துவிடும். சுவரைத் துளைக்க ஐடிஎஸ்பிஐஎஸ்பிஓபிடி என்று தட்ட வேண்டும். பேய் துரத்தும்போது இதைத் தப்பில்லாமல் தட்டுவதே ஒரு தனி வித்தை! 'டூம் 2' வந்தபோது அதை ஐடிகிளிப் என்று சுருக்கிவிட்டார்கள். ஆனால் இரண்டிலும் பறக்க முடியாது. தரையில் நடந்தபடிதான் சுவரைக் கடக்க வேண்டும்.

பறப்பது 1996 ஜூனில் வந்த 'குவேக்' விளையாட்டில் தொடங்கியது. கீபோர்டில் 1 என்ற எண்ணுக்கு இடதுபக்கம், எஸ்கேப்புக்குக் கீழே, யாரும் தொடாத ஒரு கீ இருக்கிறதே, அதை அழுத்தினால் திரையின் மேலிருந்து ஒரு பலகை சரிந்து இறங்கும். அதுதான் டெவலப்பர் கன்சோல். (பிளேஸ்டேஷன் மாதிரியான பெட்டிகளையும் கன்சோல் என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு, இது வேறு.) அதில் காட் என்று எழுதினால் சாவு கிடையாது. நோடார்கெட் என்று எழுதினால் எதிரிகள் கண்டுகொள்ள மாட்டார்கள். ஃப்ளை என்று எழுதினால் பறக்கலாம், ஆனால் சுவர் இடிக்கும். நோகிளிப் என்று எழுதினால் பறக்கவும் செய்யலாம், சுவரும் இடிக்காது.

கூடுவிட்டுக் கூடு பாயும் சித்தர்கள் கதை எல்லோருக்கும் தெரியும். இது கூடுவிட்டு வெளியே வந்து, வேறு எந்தக் கூட்டுக்குள்ளும் போகாமல் சுற்றித் திரிவது. எடை கிடையாது, பசி கிடையாது, பயம் கிடையாது. பிற்பாடு வந்த விளையாட்டுகளில் கேமராவை மட்டும் தனியாகக் கழற்றிக்கொண்டு போகும் வசதியும் வந்தது. 2011இல் வந்த 'ஸ்கைரிம்' கன்சோலில் டிஎஃப்சி என்று எழுதினால் நாயகன் நின்ற இடத்திலேயே நிற்பான், பார்வை மட்டும் மலை உச்சிக்குப் பறந்து போகும். அதோடு 1 என்று சேர்த்து எழுதினால் காலமும் உறைந்துவிடும்.

பஞ்சர் பார்க்கும் கண்

இந்தக் கட்டளைகளை ஏதோ விளையாடுபவர்களுக்குப் போட்ட பிச்சை என்று நினைத்துவிடக் கூடாது. இவை தச்சன் விட்டுப்போன உளி மாதிரி. லெவலின் கடைசி அறையில் ஒரு கதவு சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் முதல் அறையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டா வர முடியும்? பறந்து போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

'குவேக்' வரைபடங்களில் இதற்கு இன்னொரு முக்கியமான வேலையும் இருந்தது. அன்றைய கணினிகளுக்கு முழு வரைபடத்தையும் ஒரே நேரத்தில் வரையும் சக்தி கிடையாது. அதனால் வரைபடத்தைச் சின்னச்சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியில் நின்றாலும் வேறெந்தப் பகுதிகள் கண்ணில் படலாம் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்வார்கள். விளையாடும்போது அந்தப் பட்டியலில் இருப்பதை மட்டும் வரைந்தால் போதும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை. வரைபடம் முழுக்கக் காற்றுப்புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் உள்ளே எது, வெளியே எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. கணக்கே நின்றுவிடும். இதற்கு லீக் என்று பெயர்.

சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். இங்கேயும் கிட்டத்தட்ட அப்படித்தான். வரைபடத்தின் உள்ளே இருக்கும் ஒரு பொருளிலிருந்து வெளியே ஒழுகும் இடம் வரைக்கும் மென்பொருள் ஒரு தடத்தைக் கோப்பாக எழுதித் தரும். கன்சோலில் பாயின்ட்ஃபைல் என்று கட்டளை கொடுத்தால் அந்தத் தடம் காற்றில் புள்ளிகளாகத் தெரியும். வரைபடம் செய்தவர் நோகிளிப் போட்டுக்கொண்டு, அந்தப் புள்ளிகளைப் பிடித்தபடி பறந்துபோய் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பார். பொழுதுபோக்காக வரைபடம் செய்யப் பழகியவர்கள் இப்படி மணிக்கணக்கில் ஓட்டை தேடியிருக்கிறார்கள்.

அப்படி வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெளியே வரைவதற்கு ஒன்றுமே இல்லை. பழைய படத்தை அழிக்கவும் ஆளில்லை. அதனால் முன்பு தெரிந்த காட்சிகளே ஒன்றன்மேல் ஒன்றாக இழுபட்டு, கண்ணாடிகளுக்கு நடுவே நிற்பது போலத் தெரியும். உலகத்தின் விளிம்பு இப்படித்தான் இருக்கும்போல!

கேமரா சினிமா எடுக்கப் போனது

கண்ணை உடம்பிலிருந்து பிரிக்கலாம் என்றால், அந்தக் கண்ணால் படம் எடுக்கலாமே என்று சிலருக்குத் தோன்றியது. 'குவேக்' ஆட்டத்தைப் படமாக இல்லாமல், யார் எங்கே எப்போது நின்றார்கள் என்ற விவரமாகவே கோப்பில் பதிவு செய்துகொள்ளும் வசதி இருந்தது. அந்தக் கோப்பை மாற்றியமைத்தால், நடந்து முடிந்த சண்டையை வேறொரு கோணத்திலிருந்து பார்க்கலாம்.

1996 அக்டோபரில் ரேஞ்சர்ஸ் என்ற 'குவேக்' குழு 'டைரி ஆஃப் எ கேம்ப்பர்' என்றொரு குறும்படத்தை வெளியிட்டது. ஓடும் நேரம் இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. ஒளிந்திருந்து சுடும் ஒருவனை ஒரு குழு வேட்டையாடுகிறது, அவ்வளவுதான் கதை. ஆனால் அதில் கேமரா எந்த வீரனின் கண்ணிலும் இல்லை. தனியாக நின்று எல்லோரையும் பார்த்தது. விளையாட்டு என்ஜினை வைத்துப் படம் எடுக்கும் மெஷினிமா என்ற கலைக்கு இதைத்தான் பிள்ளையார் சுழி என்கிறார்கள். கடைசியில் ஒளிந்திருந்தவன் தலை துண்டாகி விழுகிறது. அது யாருடைய தலை என்று பார்த்தால்... ஜான் ரொமேரோவுடையது! பாவம் மனுஷன், அவர் தலையை யாருமே விட்டுவைக்கவில்லை.

அடுத்த வருடம், 1997இல், 'குவேக் டன் குயிக்' வந்தது. முழு விளையாட்டையும் மிகக் கடினமான நிலையில் 19 நிமிடம் 49 விநாடிகளில் முடித்துக் காட்டினார்கள். அந்த ஓட்டத்தையும் வெளிக் கேமராக்கள் வைத்து மறுபடி தொகுத்து, ஒரு சினிமா போல வெளியிட்டார்கள்.

துரியோதனன் பீடி குடிக்கிறார்

இதுவரைக்கும் எல்லாம் லாபக் கணக்கு. இனி நஷ்டக் கணக்கு.

2004 நவம்பரில் வந்த 'ஹாஃப்-லைஃப் 2' விளையாட்டின் தொடக்கம் மறக்க முடியாதது. சிட்டி 17 என்ற நகரத்து ரயில் நிலையத்தில் நாயகன் வந்து இறங்குகிறான். மேலே ஒரு பெரிய திரையில் டாக்டர் பிரீன் என்ற ஆட்சியாளர் இனிமையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். கீழே மக்கள் தலைகுனிந்து வரிசையில் நிற்கிறார்கள். அந்த முகம் நகரம் முழுக்கப் பின்தொடரும். தூரத்தில் வானத்தைத் தொடும் ஒரு கோபுரம். அவர் இருப்பது அங்கேதான். அண்ணாந்து பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

இப்போது கன்சோலைத் திறந்து, எஸ்வி சீட்ஸ் 1 என்று அனுமதி வாங்கிக்கொண்டு, நோகிளிப் போட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் என்ன தெரியும்? வரைபடத்துக்கு வெளியே, வெட்டவெளியில், ஒரு சின்ன அறை. அதற்குள் பிரீன் தனியாக நின்று பேசிக்கொண்டிருக்கிறார்! எதிரே ஒரு கேமரா. திரையில் ஓடியது பதிவு செய்த வீடியோ அல்ல. அந்தக் குட்டி அறையில் நிற்கும் பொம்மையை அந்த நொடியே படம்பிடித்துத் திரையில் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மாபெரும் கோபுரம்? அதுவும் தூரத்து நகரமும் வரைபடத்தின் இன்னொரு மூலையில், உண்மையான அளவில் 16இல் ஒரு பங்காக, நவராத்திரி கொலுவில் வைக்கும் பொம்மை ஊர் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதைப் பெரிதாக்கி வானத்தில் ஒட்டித்தான் அத்தனை பயமும் காட்டப்பட்டது. கட்டடங்களின் பின்பக்கம் போனால் ஒன்றுமே இருக்காது. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்த பக்கத்தை எதற்கு வரைய வேண்டும்?

தெருக்கூத்து பார்க்கப் போன சிறுவன் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்த மாதிரிதான் இது. மேடையில் கர்ஜித்த துரியோதனன் அங்கே கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு பீடி குடித்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு அந்தச் சிறுவனால் துரியோதனனைப் பார்த்துப் பயப்பட முடியுமா?

முடியாது. இதை மறைத்துப் பயனில்லை. நோகிளிப் ஒரு விலை கேட்கிறது. அந்த விலை, பயப்படும் சுகம். ஒருமுறை அந்தச் சின்ன அறையைப் பார்த்தவருக்கு ரயில் நிலையத்துத் திரை இனிமேல் வெறும் தந்திரம்தான். பார்த்ததைப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆனால் அந்தச் சிறுவனுக்கு வேறொன்று கிடைக்கிறது. துரியோதனனைத் தொலைத்த இடத்தில் அவன் ஒரு கலைஞனைக் கண்டுபிடிக்கிறான். முகத்தில் அரிதாரம் பூச எவ்வளவு நேரம் ஆகும், அந்தத் தோள்கட்டை எதனால் செய்தது என்று கேட்க ஆரம்பிக்கிறான். அதே போலத்தான் இங்கேயும். 16இல் ஒரு பங்கு நகரத்தைப் பார்த்தவருக்கு, அதை உட்கார்ந்து அடுக்கியவர்கள் இருக்கிறார்கள் என்பது முதல்முறையாக உறைக்கிறது. "எவ்வளவு பயங்கரம்" என்ற வார்த்தை போய் "எப்படிச் செய்தார்கள்?" என்ற கேள்வி வருகிறது. ரசிகன் மாணவனாகும் இடம் அது.

"டேய், கதவுக்குப் பின்னாடி நிக்கிறான்டா!"

இதே கண் அயோக்கியத்தனமும் செய்யும். 'கவுன்டர்-ஸ்டிரைக்' விளையாடிய கல்லூரி விடுதிகளில் இதைப் பற்றிச் சொல்லித் தரவே வேண்டாம். ஆட்டத்தில் செத்துப்போனவன் ஆவியாகப் பறந்து எல்லோரையும் பார்க்கலாம். பக்கத்து நாற்காலியில் அவன் கூட்டாளி இன்னும் உயிரோடு விளையாடிக்கொண்டிருப்பான். செத்தவன் வாயை மூடிக்கொண்டா இருப்பான்? "டேய், கதவுக்குப் பின்னாடி நிக்கிறான்டா!" என்று கிசுகிசுத்துவிடுவான். அவ்வளவுதான், அறையில் அடிதடி. இதனால்தான் செத்தவர்கள் தங்கள் அணியை மட்டுமே பார்க்க முடியும்படி சர்வரில் கட்டுப்பாடு போடும் வசதி வந்தது. நோகிளிப் போன்ற கட்டளைகள் வேலை செய்ய வேண்டுமென்றாலும் சர்வரை நடத்துபவர் சீட்டுகளை அனுமதித்திருக்க வேண்டும்.

விடுதியில் இது வேடிக்கை. தொழில்முறை ஆட்டத்தில் இதுவே குற்றம். 'கவுன்டர்-ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ்' போட்டிகளில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பயிற்சியாளர் இருந்தார். தன் வீரர்கள் பார்ப்பதை மட்டும்தான் அவரும் பார்க்கலாம் என்பது அப்போதைய விதி. ஆனால் விளையாட்டில் இருந்த ஒரு பிழையால், சில சமயம் பயிற்சியாளரின் கேமரா வரைபடத்தின் ஏதோ ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். எதிரணி வந்து போவது அங்கிருந்து நன்றாகத் தெரியும். நேர்மையானவர் உடனே நடுவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சிலர் சொல்லவில்லை. 2020இல் விஷயம் வெளியே வந்தது. பழைய ஆட்டங்களின் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். அந்த வருடம் செப்டம்பரில், மின்விளையாட்டுகளின் நேர்மையைக் கண்காணிக்கும் ஈசிக் என்ற அமைப்பு 37 பயிற்சியாளர்களுக்குத் தண்டனை அறிவித்தது.

கவனித்துப் பார்த்தால் கருவி ஒன்றேதான். ரொமேரோ தன் தலையைக் கண்டதும் உடம்பில்லாத கண்ணால்தான், இந்தப் பயிற்சியாளர்கள் எதிரணியைக் கண்டதும் உடம்பில்லாத கண்ணால்தான். அப்புறம் எங்கே வித்தியாசம்? சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்பதில்தான். அந்தப் பக்கம் ஒரு பொம்மை இருந்தால் அது படிப்பு. சுவரை நம்பி ஒளிந்திருக்கும் ஒரு மனிதர் இருந்தால் அது திருட்டு.

ஜன்னலும் சாவியும்

இப்போது பல விளையாட்டுகளில் போட்டோ மோட் என்று ஒன்று வருகிறது. 2004இல் 'கிரான் டூரிஸ்மோ 4' விளையாட்டில் கார்களைப் படமெடுக்க இந்த வசதி இருந்தது. பின்னாளில் 2017இல் வந்த 'ஹொரைசன் ஸீரோ டான்', 2018இல் வந்த 'ஸ்பைடர்மேன்' என்று நிறைய விளையாட்டுகளில் பார்க்கலாம். ஆட்டத்தை நிறுத்தி, கேமராவைச் சுற்றிக் கொண்டுபோய், வெளிச்சம் கூட்டிக் குறைத்து அழகழகான படங்கள் எடுக்கலாம். உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கின்றன.

ஆனால் அந்தக் கேமரா பெரும்பாலும் நாயகனைச் சுற்றிக் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி. கயிறு எட்டும் தூரம் வரைதான் போகும். சுவர் வந்தால் நின்றுவிடும். பின்பக்கம் வரையப்படாத கட்டடத்தையும், வெட்டவெளியில் நிற்கும் குட்டி அறையையும் அது ஒருநாளும் காட்டாது. போட்டோ மோட் என்பது வீட்டுக்காரர் திறந்துவைக்கும் ஜன்னல். கன்சோல் என்பது கையில் கொடுத்த சாவி. ஜன்னல்கள் பெருகிய அளவுக்குச் சாவிகள் பெருகவில்லை. இணையத்தில் மட்டுமே விளையாடக்கூடியவற்றில் சாவியை எதிர்பார்க்கவும் முடியாது. அங்கே சுவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு மனிதர் இருக்கிறாரே.

இருந்தாலும் அந்த ஆசை அடங்கவில்லை. 'பவுண்டரி பிரேக்' என்ற யூடியூப் தொடர், கேமராவை விளையாட்டின் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்க் காட்டுவதையே வேலையாக வைத்திருக்கிறது. பல விளையாட்டுகளின் லெவல்களை உலாவியிலேயே திறந்து பறந்து பார்க்க நோகிளிப் என்ற பெயரிலேயே ஒரு வலைத்தளம் இருக்கிறது. விளையாட்டுகள் உருவான கதையை ஆவணப்படமாக எடுக்கும் ஒரு குழு 2016இல் தொடங்கியபோது, அதுவும் நோகிளிப் என்றுதான் பெயர் வைத்துக்கொண்டது. ஒரு சீட்டுக் கட்டளையின் பெயர், 'உள்ளே போய்ப் பார்த்தல்' என்ற அர்த்தத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே, கணினியில் பழைய விளையாட்டு ஏதாவது வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. முதல் தடவை யோக்கியமாக விளையாடி முடித்துவிடுங்கள். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுங்கள், தோற்க வேண்டிய இடத்தில் தோற்றுப்போங்கள். அந்தச் சுகம் ஒரு தடவைதான் கிடைக்கும், அதை முன்கூட்டியே செலவழித்துவிட வேண்டாம். முடித்த பிறகு, 1க்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கீயை அழுத்துங்கள். உங்களைப் பாடாய்ப் படுத்திய அறைக்கே திரும்பிப் போய், சுவரைத் துளைத்து வெளியே வந்து, ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்று திரும்பிப் பாருங்கள்.

அட்டைப்பெட்டி மாதிரி அத்தனையும் சின்னதாகத் தெரியும். எங்கேயாவது ஒரு மூலையில், செய்தவர்களின் தலையும் தெரியலாம்.